பெயர் ஒட்டிய பாத்திரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ‘நடுமேற்கு’ என்று வழங்கப்படும் நிலப்பரப்பு, வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு மேற்கிலும் இல்லாமல் சரியான நடுவிலும் இல்லாமல் வடக்கே ஒதுங்கித்தான் தெரியும். அட்லாண்டிக் கரையில் முதலில் குடியேறியவர்களுக்கு அப்பலாச்சிய மலைகளைத் தாண்டிய எல்லாமே மேற்காக இருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். ஒஹையோவில் தொடங்கி நெப்ராஸ்கா, கான்சஸ், இரு டகோட்டாக்கள் வரை 12 மாநிலங்களை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இதன்கீழ் அடக்குகிறது. இங்குள்ள சமையலைப் பற்றி நாட்டின் பிற பகுதியினர் சப்பென்றது என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குளிர்காலம் வந்ததும் அதே சமையலை ‘கம்ஃபர்ட் ஃபுட்’, அதாவது உடம்புக்கும் மனத்துக்கும் இதமான வீட்டுச் சாப்பாடு, என்று கொண்டாடவும் செய்வார்கள். மின்னசோட்டாவில் தொடங்கி அயோவா, விஸ்கான்சின் வழியாகச் சுற்றி மீண்டும் மின்னசோட்டாவின் வட ஏரிகளில் முடியும் ஒரு பயணத்தில், அந்த ‘வீட்டுச் சாப்பாடு’ என்ற பெயரே ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. வீட்டு அடுப்பில் வெந்தாலும், வாசலைத் தாண்டித் தூக்கிச் செல்வதற்கென்றே அமைந்த உணவுகள் இவற்றில் ஏராளம். வீடு என்பதே இல்லாமல் வளர்ந்தவையும் உண்டு.

பயணத்தை மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் கரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆற்றின் முழு நீளத்திலும் சொல்லிக்கொள்ளத்தக்க பேரருவி செயின்ட் அந்தோணி அருவி ஒன்றே. அதன் நீர்விசையை நம்பி எழுந்த மாவாலைகளால் 1880 முதல் 1930 வரை உலகிலேயே அதிகமாகக் கோதுமை மாவு அரைத்த நகரம் என்ற பெயர் மினியாபொலிசுக்கு இருந்தது. வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலை என்ற பெருங்கட்டடம் 1878 மே 2 அன்று, காற்றில் மிதந்த மாவுத்தூளில் தீப்பற்றி வெடித்து 18 பேரைப் பலிகொண்டது. இரண்டு ஆண்டுகளில் மீண்டும் எழுந்து, 1991இல் மறுபடி எரிந்து, இப்போது கூரையற்ற சுண்ணாம்புக்கல் சுவர்களுக்குள் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1921இல் இந்த ஆலையை நடத்திய நிறுவனம் ஒரு விளம்பரப் போட்டி வைத்தபோது, விடைகளோடு சேர்த்து ரொட்டி ஏன் உப்பவில்லை, கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது என்று கேட்டு வீட்டுப் பெண்கள் எழுதிய கடிதங்கள் வந்து குவிந்தன. ஆண்கள் கையொப்பமிட்டுப் பதில் எழுதினால் எடுபடாது என்று கருதிய நிறுவனம், ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயரான கிராக்கரோடு பெட்டி என்ற செல்லப் பெயரைச் சேர்த்து ‘பெட்டி கிராக்கர்’ என்ற பெண்ணைக் கற்பனையாகப் படைத்தது. வானொலியில் பேசி, சமையல் நூல்களுக்குத் தன் பெயரைத் தந்து, இல்லாத அந்தப் பெண் எத்தனை வீட்டு அடுக்களைகளில் இடம்பிடித்தார் என்றால், 1945இல் ‘ஃபார்ச்சூன்’ இதழ் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோருக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெண் என்று அவரைக் குறிப்பிட்டது. நடுமேற்கின் பாட்டி கைமணத்தில் ஒரு பங்கு இந்தப் பெண்ணுடையது.

மினியாபொலிசிலிருந்து தென்மேற்காக மின்னசோட்டா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்றால் மன்கேட்டோ என்ற நகரம் வரும். ஹாட்டிஷ் என்ற உணவின் வரலாற்றைத் தேடுவோர் இந்த ஊரில்தான் வந்து நிற்கிறார்கள். இறைச்சி, காய்கறி, மாச்சத்துள்ள ஒரு பொருள் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் சேர்த்து, அவை பிரிந்துபோகாமல் பிடித்துவைக்க ஒரு குழம்பை ஊற்றி, ஓவனில் சுட்டெடுப்பதே ஹாட்டிஷ்; பிற மாநிலங்களில் ‘கேசரோல்’ என்ற பிரெஞ்சுப் பெயரால் அழைக்கப்படும் இதை, மின்னசோட்டாவிலும் டகோட்டாக்களிலும் ‘சூடான தட்டு’ என்ற நேரடிப் பொருளில் ஹாட்டிஷ் என்கிறார்கள். மன்கேட்டோவின் கிரேஸ் லூத்தரன் தேவாலயப் பெண்கள் சங்கம் 1930இல் வெளியிட்ட சமையல் நூலில் உள்ள குறிப்பே அச்சில் கிடைக்கும் மிகப் பழைய ஹாட்டிஷ் குறிப்பு என்று பொதுவாகச் சுட்டுவார்கள். கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், செலரித் தண்டு, டின்னில் வந்த பட்டாணி, தக்காளி சூப், மினியாபொலிஸ் நிறுவனம் ஒன்றின் மக்ரோனி என்று அதில் அடங்கியவற்றைப் பார்த்தாலே, பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய காலத்தில் கொஞ்சம் இறைச்சியை நிறையப் பேருக்கு நிரவும் கணக்கு புரிந்துவிடும்.

அந்த முதல் ஹாட்டிஷின் நிறம் சிவப்பு. இன்று மின்னசோட்டாவில் எவரைக் கேட்டாலும் ஹாட்டிஷ் என்றால் வெளிர்சாம்பல் நிறம் என்பார்கள். இந்த மாற்றத்துக்குக் காரணம் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரிலிருந்து வந்த ஒரு டின். கேம்பெல் நிறுவனம் 1934இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘கிரீம்’ கலந்த கெட்டிக் காளான் சூப்பைத் தண்ணீர் விட்டுக் குடிப்பதைவிட, தண்ணீர் விடாமல் அப்படியே குழம்பாகப் பயன்படுத்துவது எளிது என்பதை வீட்டுப் பெண்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். வெண்ணெயில் மாவை வதக்கிப் பாலூற்றிக் கட்டியில்லாமல் கிண்டும் ‘வெள்ளைக் குழம்பு’ வேலையை அந்த டின் ஒழித்தது. லூத்தரன் தேவாலய விருந்துகளில் எந்த உணவை எடுத்தாலும் அதற்குள் இது இருந்ததால் ‘லூத்தரன் பசை’ என்ற கேலிப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு வழியாகத் தமிழர் அறிந்த அதே லூத்தரன் பிரிவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே, சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வந்த உழவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள்.

ஹாட்டிஷ் செய்யும் முறையை அருகிலிருந்து பார்ப்பது பயனுடையது. இரும்பு வாணலியில் வெங்காயத்தோடு வறுபட்ட இறைச்சியிலிருந்து கொழுப்பை வடித்துவிட்டு, 9-க்கு 13 அங்குலக் கண்ணாடித் தட்டில் பரப்பி, அதன்மேல் பீன்சோ மக்காச்சோளமோ தூவுகிறார்கள். திறந்த டின்னைக் கவிழ்த்தால் சூப் ஊற்றாது. ஒரு நொடி தயங்கி, பின் சளக்கென்று உருளையாக நழுவி விழுந்து, டின்னின் உட்சுவரில் இருந்த வளையங்களைத் தன் உடம்பில் அப்படியே காட்டிக்கொண்டு நிற்கும். கரண்டியின் பின்புறத்தால் அதை அமுக்கிப் பரப்ப வேண்டும். மேலே அடுக்கப்படும் டேட்டர் டாட்ஸ் என்பவை துருவிய உருளைக்கிழங்கைக் கட்டைவிரல் நுனியளவு உருட்டிப் பொரித்து உறையவைத்த துண்டுகள். ஒரெகன், ஐடஹோ எல்லையில் இருந்த ஒரு நிறுவனத்தில், விரல்நீள வறுவலுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய கிழங்குத் துணுக்குகள் மாட்டுத் தீவனமாகப் போவதைத் தடுக்க 1953இல் கிரிக் சகோதரர்கள் கண்டுபிடித்த பண்டம் இது. டாட்ஸை வரிசை பிசகாமல் படைவீரர்போல அடுக்குவதா, கைபோன போக்கில் கொட்டிவிடுவதா என்பதில் குடும்பங்களுக்குள் இன்றும் கட்சி உண்டு. ஓரங்களில் குழம்பு கொதித்துக் குமிழ்விட்டு, மேற்பரப்பு செம்பொன்னாக மொறுமொறுத்ததும் தட்டு வெளியே வரும். உப்பும் கொழுப்பும் மென்மையும் ஒரு வாயிலேயே சேர்ந்துவிடும். இரண்டாம் வாயில் புதிதாக எதுவும் நேராது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25 பாகை செல்சியஸ் குளிர் நிலவும் சனவரி மாலையில் அந்த எதிர்பாராமை இல்லாத தன்மையே அதன் சிறப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டின் சூப்பை வைத்து இந்தச் சமையலைப் பழிப்பவர்கள், பகலெல்லாம் மாட்டுக்கொட்டகையில் வேலைசெய்த பெண்ணுக்கு அந்த டின் மிச்சப்படுத்திய அரைமணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் கண்ணாடித் தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு துண்டுக் காகித ஒட்டுநாடாவில் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். எவர்சில்வர் தூக்கிலும் செம்பிலும் பெயர் வெட்டிவைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: தட்டு வீட்டில் தங்குவதில்லை. ‘பாட்லக்’ எனப்படும் கூட்டு விருந்துக்கு, அதாவது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பண்டம் கொண்டுவந்து எல்லோரும் எல்லாவற்றையும் பகிர்ந்துண்ணும் விருந்துக்கு, அது போகிறது. குழந்தை பிறந்த வீட்டுக்கும் அறுவைச்சிகிச்சை முடிந்து திரும்பியவர் வீட்டுக்கும் போகிறது. இழவு விழுந்த வீட்டுக்குக் கட்டாயம் போகிறது. தேவாலயங்களின் அடித்தளக் கூடங்கள் அந்தத் தட்டுகளுக்காகவே கட்டப்பட்டவைபோல இருக்கின்றன. அடக்கம் முடிந்து பனியில் நின்றவர்கள் படியிறங்கி வரும்போது, பன்றித்தொடை இறைச்சி வைத்த சிறு பன்களும், ஹாட்டிஷும், ‘பார்ஸ்’ எனப்படும் தட்டில் சுட்டுச் சதுரமாக வெட்டிய இனிப்புகளும், பெரிய பாத்திரம் நிறையக் காப்பியும் அங்கே தயாராக இருக்கும். ‘சாலட்’ என்ற பெயரில் ஒரு கிண்ணம் வரும். அதில் இலைதழை எதுவும் இல்லாமல், பச்சை நிற ஜெல்லிக்குள் அன்னாசித் துண்டும் மார்ஷ்மெல்லோவும் மிதந்துகொண்டிருந்தால் அயலார் திகைக்கக்கூடும். அது கடைசிவரை சாலட்தான். இனிப்புப் பண்டங்களின் மேசையில் அதை வைப்பது தவறு.

தேவாலயப் பெண்கள் சங்கங்கள் நிதி திரட்ட அச்சிட்ட கம்பிச்சுருள் கட்டிய சமையல் நூல்களே இப்பகுதிச் சமையலின் உண்மையான ஆவணக்காப்பகம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது காயமுற்ற படைவீரர்களுக்குப் பணம் சேர்க்கத் தோன்றிய இவ்வகை நூல்கள், பின்னர் கூரை மாற்றவும் ஆர்கன் வாங்கவும் ஊர்தோறும் பெருகின. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் தந்தவரின் பெயர் இருக்கும். ஆனால் பழைய பதிப்புகளில் அது பெரும்பாலும் ‘திருமதி’ என்ற அடைமொழியோடு கணவரின் முழுப்பெயராகவே இருப்பதால், நாற்பது ஆண்டுகள் ஊரே உண்ட ஒரு கேக்கைச் சுட்டவரின் சொந்தப் பெயரை அந்த நூலிலிருந்து அறிய வழியில்லை. இல்லாத பெட்டி கிராக்கருக்குக் கையொப்பமே இருக்கும்போது, இருந்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனது இப்பகுதிச் சமையல் வரலாற்றின் ஒரு விந்தை.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் அதே அடித்தளக் கூடங்களில் லூட்டஃபிஸ்க் விருந்துகள் நடக்கின்றன. காற்றில் உலர்த்திக் கட்டைபோல் இறுகிய காட் மீனைக் காரநீரில் பல நாள் ஊறவைத்து, பின் அந்தக் காரம் போகும்வரை நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி அலசி, வேகவைத்து உருகிய வெண்ணெயோடு பரிமாறும் இந்த நார்வே உணவு, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் குழைவோடு தட்டில் நடுங்கும். நார்வேயை விட்டுவந்த ஏழை உழவர்களுக்கு அது வறுமைக்கால உணவு. பேரப்பிள்ளைகளுக்கு அது அடையாளம். மணத்தைப் பற்றி இரு தரப்புமே பேச விரும்புவதில்லை. அதே மேசையில் வரும் லெஃப்ஸாவை மட்டும் எவரும் மறுப்பதில்லை. அவித்த உருளைக்கிழங்கைச் சல்லடைக் குழாயில் பிழிந்து, வெண்ணெயும் பாலேடும் கொஞ்சம் மாவும் சேர்த்துப் பிசைந்து, துணி போர்த்திய வட்டப்பலகையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய குழவியால் காகிதம்போலத் தேய்ப்பார்கள். மாவின் கீழே நீண்ட தட்டைக் குச்சியைச் செருகி, அறுந்துவிடாமல் தூக்கி, அகன்ற தோசைக்கல் போன்ற மின்கல்லில் விரிக்க வேண்டும். ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் எடுத்துத் துணிக்குள் பொதிந்துவிடாவிட்டால் அப்பளமாகிவிடும். வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டி உண்ணும்போது போளி உண்டு பழகிய நாக்குக்கு அது அயலாகத் தோன்றாது. தேய்ப்பது ஒருவர், கல்லைக் கவனிப்பது ஒருவர், மடிப்பது ஒருவர் என்று நன்றித் திருநாளுக்கு முன்பு மூன்று தலைமுறை ஒன்றுகூடிச் செய்யும் இவ்வேலையில், குச்சி யார் கையில் இருக்கிறது என்பதைக் கொண்டே குடும்பத்தில் மூத்தவர் யார் என்று சொல்லிவிடலாம்.

மன்கேட்டோவைவிட்டுப் புறப்படுமுன் மற்றொரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும்; அதுவும் உணவிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் நிலத்தை உடன்படிக்கைகளால் இழந்த டகோட்டா மக்களுக்கு, ஆண்டுதோறும் தர ஒப்புக்கொண்ட பணம் 1862 கோடையில் வந்துசேராமல் தாமதமானது. பண்டசாலைகளில் உணவு இருந்தும் வணிகர்கள் கடன் தர மறுத்தார்கள். பசியோடு ஆகஸ்ட் மாதம் போர் மூண்டது. அது அடக்கப்பட்டபின், டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட தூக்குத்தண்டனைகளில் மிகப் பெரியது அதுவே. குடியேறி ஐந்தாண்டு உழுபவருக்கு 160 ஏக்கர் நிலம் என்று உறுதியளித்த ஹோம்ஸ்டெட் சட்டமும் அதே 1862இல்தான் நிறைவேறியது. லெஃப்ஸாக் குச்சியோடு வந்த உழவர்களில் பலர் அந்தச் சட்டத்தை நம்பி வந்தவர்கள். ஹாட்டிஷின் வரலாற்றைப் பெருமந்தத்திலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கலாம். இந்த நிலத்தின் சாப்பாட்டுக் கணக்கோ அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

தெற்கே அயோவாவுக்குள் நுழைந்ததும் நிலம் அலையலையாக எழுந்து தணிகிறது. மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம் என்று மணிக்கணக்கில் வேறு காட்சியே இல்லை. இந்தப் பண்ணைகளில் சாப்பாட்டுவேளைகளின் பெயர்களை அயலார் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முதியோர் பேச்சில் ‘டின்னர்’ என்பது நண்பகல் உணவு, இரவுணவு ‘சப்பர்’. நண்பகல் உணவு பெரிதாக இருந்ததற்குக் கதிரடிப்பே முதன்மைக் காரணம். நீராவி இயந்திரத்தோடு இணைந்த கதிரடிக்கும் பொறியை ஒரு குடும்பத்தால் வாங்க முடியாது என்பதால், அண்டைப் பண்ணையார்கள் கூட்டுச் சேர்ந்து ஒருவர் களத்திலிருந்து அடுத்தவர் களத்துக்கு அதை இழுத்துச் சென்றார்கள். அன்று யார் களமோ அந்த வீட்டுப் பெண் அண்டைப் பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வியர்த்து வரும் ஆண்கள் கூட்டத்துக்கு வறுத்த கோழி, மசித்த கிழங்கு, இறைச்சிச் சாற்றில் கிண்டிய குழம்பு, ஊறுகாய், குறைந்தது இரண்டு வகைப் ‘பை’, அதாவது மாவுக்கூட்டுக்குள் பழத்தை அடைத்துச் சுட்ட பண்டம், ஆகியவற்றை ஆக்கிப்போட வேண்டியிருந்தது. எந்த வீட்டுப் பை சிறந்தது என்பது அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். அறுவடையையும் கதிரடிப்பையும் ஒருங்கே செய்யும் ‘கம்பைன்’ இயந்திரம் பரவியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. சமைத்த அளவு மட்டும் அவ்வளவு விரைவில் குறையவில்லை. இன்றைய ஞாயிறு டின்னரில் நான்கு பேருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் சாப்பாடு இருப்பதன் பின்னணி இது.

சீடர் ராபிட்ஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள அமானா ஊர்களில், குடும்பச் சமையல் என்ற சொற்றொடரே தலைகீழாகிறது. ஜெர்மனியிலிருந்து சமயக் கட்டுப்பாடுகளுக்கு அஞ்சி வெளியேறி, முதலில் நியூ யார்க் மாநிலத்தில் பஃபலோ அருகே தங்கி, 1855 முதல் இங்கே குடியேறிய ஒரு பக்திக்குழுவினர் அமைத்த ஏழு ஊர்கள் இவை. குதிரைவண்டியும் கறுப்புத் தொப்பியுமாக வாழும் ஆமிஷ் மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்வது சுற்றுலாப் பயணியர் இடையே வழக்கம், ஊரார் அதைப் பொறுமையோடு திருத்துவதும் வழக்கம். நிலம், ஆலை, கால்நடை யாவும் பொதுவுடைமையாக இருந்த இவ்வூர்களின் வீடுகளில் அடுக்களை கிடையாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பொது அடுக்களைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 30 முதல் 45 பேருக்கு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு முற்பகலிலும் பிற்பகலிலும் சிற்றுண்டியும் வழங்கியது. ‘கூஷபாஸ்’ எனப்படும் அடுக்களைத் தலைவியே கொள்முதல், தோட்டம், பரிமாறல் ஆகிய எல்லாவற்றுக்கும் பொறுப்பு; பள்ளியை முடித்த பெண்பிள்ளைகள் 14 வயதில் அவரிடம் வேலைக்கு வந்துசேர்வார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் தனித்தனி மேசைகளில், பேச்சில்லாமல், வேண்டுதலுக்கும் வேண்டுதலுக்கும் இடையே விரைவாக உண்டு எழுவார்கள்.

பிற்காலத்தில் அந்த ஒழுங்கு தளர்ந்தது. குடும்பத்தோடு உண்ண விரும்பியவர்கள் கூடையையும் தூக்குவாளியையும் எடுத்துவந்து தங்கள் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1932இல் ஊரார் வாக்களித்துப் பொதுவுடைமை வாழ்வை முடித்துக்கொண்டபோது (அதை அவர்கள் ‘பெருமாற்றம்’ என்கிறார்கள்) ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு இடம் தேட வேண்டியதாயிற்று. நாற்பது பேருக்குச் சமைக்கப் பழகிய பெண்கள் நான்கு பேருக்கு எவ்வளவு உப்பிடுவது என்று கற்றுக்கொள்ள நேர்ந்தது. ஆக, அமானாவில் ‘வீட்டுச் சமையல்’ ஹாட்டிஷைவிட இரண்டு ஆண்டுகள் இளையது. நடு அமானாவில் அன்றைய நிலையிலேயே காக்கப்படும் பொது அடுக்களை ஒன்றில், சுவரோரம் செங்கல் அடுப்பும், கைக்கெட்டும் வரிசையில் தொங்கும் தகரக் கரண்டிகளும், பிள்ளைகள் காய் நறுக்க உட்கார்ந்த நீள்மேசையும் இருக்கின்றன. அதே ஊரில் 1934இல் தொடங்கிய குளிர்பதனப் பெட்டித் தொழிலே வளர்ந்து, 1967இல் ‘அமானா ரேடாரேஞ்ச்’ என்ற பெயரில், வீட்டு மேசையில் வைத்துப் பயன்படுத்தத்தக்க நுண்ணலை அடுப்பை 495 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நேரம்கெட்ட நேரத்தில் ஒருவர் தனியாகத் தன் தட்டைச் சூடாக்கிக்கொள்ளும் கருவி, மணியடித்தால் ஊரே உட்கார்ந்து உண்ட இடத்திலிருந்து வந்திருக்கிறது.

கிழக்கே மிசிசிப்பியைக் கடந்து விஸ்கான்சினுக்குள் சென்றால் சமையல் வீட்டுக்கு வெளியே வந்து வானத்தின்கீழ் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர்களின் நோன்பு, சமயம் கடந்து மாநிலம் முழுவதற்குமான வெள்ளிக்கிழமை மீன் வறுவலாக மாறியிருப்பதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கிரீன் பே நகரைச் சுற்றி, 1850களில் வந்த பெல்ஜிய வலூன் மக்களின் வழியில் ‘பூயா’ காய்ச்சுகிறார்கள்: கோழியும் மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் கேரட்டும் கிழங்கும் சேர்ந்து விறகடுப்பின்மேல் பெரிய அண்டாவில் இரவெல்லாம் கொதிக்கும், துடுப்பு போன்ற மரக்கட்டையால் முறைவைத்துக் கிண்டுவார்கள், விடியும்போது எலும்பு தனியாகவும் மற்றவை ஒன்றாகவும் ஆகியிருக்கும். தேவாலயத் திருவிழாக்களுக்கு ஊரார் வீட்டிலிருந்து குண்டானோடு வந்து வாங்கிப்போகிறார்கள். சிறிய அளவில் செய்தால் பூயா ஆகாது, அது வெறும் சூப் என்பது அப்பகுதியினரின் கொள்கை. சுவையளவில் பெரிய வேறுபாடு இல்லையென்றாலும் கொள்கையளவில் அவர்கள் சொல்வது சரி.

அங்கிருந்து வடகிழக்கே மிஷிகன் ஏரிக்குள் விரல்போல் நீளும் டோர் கவுன்டியில் மீன் கொதிப்பு நடக்கிறது. உப்பை அள்ளிப் போட்ட கொதிநீரில் முதலில் கிழங்கு, பிறகு வெங்காயம், கடைசியாக ஏரியில் பிடித்த வெள்ளைமீன் துண்டுகள் கம்பிக்கூடையில் இறங்குகின்றன. மீனின் எண்ணெயும் நுரையும் மேலே திரண்டதும், சமைப்பவர் கூட்டத்தைப் பின்னே போகச் சொல்லிவிட்டு ஒரு குவளை மண்ணெண்ணெயை அடுப்பில் வீசுகிறார்; ஆளுயரத்துக்கும் மேலே தீ எழ, அண்டா பொங்கி நாற்புறமும் வழிந்து, மிதந்த எண்ணெயையும் அழுக்கையும் வெளியே தள்ளித் தானே அடுப்பையும் அணைத்துவிடுகிறது. பார்வைக்கு வேடிக்கையாக இருந்தாலும் அதில் வீணான அசைவு ஒன்றுமில்லை. மீன் வெண்மையாக, உருகிய வெண்ணெயோடு வருகிறது. பின்னால் அப்பகுதியின் புளிப்புச் செர்ரியில் செய்த பை.

இந்தப் பயணப் பாதைக்கு வெளியேயும் இத்தகைய உணவுகள் உண்டு. மிஷிகனின் மேல்தீபகற்பத்துச் செம்புச் சுரங்கங்களில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த தொழிலாளர்கள் மதியச் சாப்பாடாகக் கொண்டிறங்கிய பாஸ்டியும், நெப்ராஸ்காவில் ரஷ்யாவின் வோல்காக் கரையிலிருந்து வந்த ஜெர்மானியர் வயலுக்குக் கொண்டுபோன ரன்சாவும், இறைச்சியையும் காயையும் மாவுக்குள் பொதிந்து கையிலேந்தி உண்ணத்தக்கதாகச் செய்தவை. அவற்றுக்குத் தட்டே தேவையில்லை.

பயணத்தின் கடைசிப் பகுதி மறுபடியும் மின்னசோட்டாவில், மிசிசிப்பி ஆறு இன்னும் குறுகலாக ஓடும் வடக்கில், லீச் ஏரியைச் சுற்றி அமைகிறது. இது ஒஜிப்வே மக்களின் நிலம். கிழக்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட முன்னோர், நீர்மேல் உணவு விளையும் இடம் வரும்வரை மேற்கே செல்லுமாறு பணிக்கப்பட்டார்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. அந்த உணவு ‘மனோமின்’. ஆங்கிலத்தில் ‘காட்டரிசி’ என்ற பொருளில் வழங்கினாலும், இது நெல்லின் பேரினத்தைச் சேர்ந்ததன்று. ஆழமற்ற ஏரிகளில் தானே முளைக்கும் உயரமான நீர்ப்புல்லின் விதை. 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் இந்த அரிசியைச் சேகரிக்கும் உரிமையை ஒஜிப்வேயர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் 1880களில் மிசிசிப்பியின் தலைப்பகுதி ஏரிகளில் மைய அரசு அணைகள் கட்டிற்று. படகுப் போக்குவரத்துக்கும் மினியாபொலிஸ் மாவாலைகளுக்கும் ஆண்டு முழுவதும் நீர்வரத்து சீராக இருக்க வேண்டும் என்பதற்காக லீச் ஏரியிலும் வினிபிகோஷிஷ் ஏரியிலும் நீர்மட்டம் உயர்த்தப்பட்டபோது, மனோமின் வளர்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்புகள் பல மூழ்கின. அருவிக்கரையில் அரைபட்ட வெள்ளை மாவின் விலையில் ஒரு பங்கு இங்கே கொடுக்கப்பட்டது.

மிஞ்சிய பரப்புகளில் ஆகஸ்டு இறுதியில் அறுவடை தொடங்குகிறது. படகில் இருவர், ஒருவர் நின்றுகொண்டு நீண்ட கழியால் புல்லிடையே படகைத் தள்ளுகிறார், மற்றவர் அமர்ந்து, ஒரு கையிலுள்ள குச்சியால் கதிர்களைப் படகின்மேல் வளைத்து, மறுகைக் குச்சியால் மெதுவாகத் தடவித் தட்டுகிறார். படகு 18 அடிக்கு மேல் நீளமும் 36 அங்குலத்துக்கு மேல் அகலமும் இருக்கக்கூடாது, குச்சி 30 அங்குலத்துக்கும் ஒரு பவுண்டு எடைக்கும் மிகக்கூடாது என்று மாநிலச் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஓங்கி அடித்தால் முற்றாத மணியும் விழும், தண்டும் முறியும். மெதுவாகத் தட்டும்போது முற்றியது மட்டும் படகில் உதிர்கிறது. ஒரு பகுதி நீரில் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகிறது. கரைக்கு வந்ததும் உலர்த்தி, இரும்பு அண்டாவில் துடுப்பால் புரட்டி வறுத்து, குழிக்குள் இட்டு மெல்லிய தோல்காலணியோடு மிதித்து உமி நீக்கி, பூர்ச்ச மரப்பட்டையால் செய்த அகன்ற தட்டில் இட்டுக் காற்றில் புடைக்கிறார்கள். முறம் என்ற சொல் அந்தத் தட்டுக்கு முழுவதும் பொருந்தும்.

இந்த அரிசியும் ஹாட்டிஷ் ஆகிறது. கோழி, செலரி, காளான் சூப் டின்னோடு மனோமின் கலந்த தட்டு வடக்கு மின்னசோட்டாவின் ஊர்க்கூடங்களில் லூத்தரன் மேசையிலும் ஒஜிப்வே மேசையிலும் ஒருங்கே காணப்படுகிறது. ஆனால் கடையில் வாங்குவோர் பொதியைக் கவனிக்க வேண்டும். 1950களிலிருந்து பாத்தி கட்டி இயந்திரத்தால் அறுக்கும் பயிராகவும் இது விளைவிக்கப்படுவதால், கரிய பளபளப்போடு ஒரே சீராக இருப்பது பாத்தி அரிசி. அது மலர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏரியில் தட்டி எடுத்து விறகில் வறுத்தது பழுப்பும் சாம்பலும் பச்சையும் கலந்து, ஒரு மணிபோல் மறுமணி இல்லாமல் இருக்கும்; பெரும்பாலும் அரைமணிக்குள் வெந்துவிடும். சூப் டின்னின் லேபிளில் உள்ள சமையல் குறிப்பு எந்த அரிசிக்கு என்று சொல்வதில்லை. ஏரி அரிசியைச் சமைப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; பானையைத் திறந்து, மணி நீளவாக்கில் வெடித்து உள்வெள்ளை தெரிகிறதா என்று பார்த்து, அடுப்பை அணைத்து, மூடி வைத்துவிடுகிறார்கள்.